நாட்களை எண்ணிய சுவாமிக்கண்ணுப் பிள்ளை

காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் உள்ள பழங்கோயில்களின் சுவர்களில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைய உள்ளன. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கும் அவற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொடையாளர் பெயரும், நிலத்தின் அளவும், அதன் நான்கெல்லையும் ஐயமின்றி விளங்கும். அக்கொடை எப்பொழுது நிகழ்ந்தது என்ற ஒன்றே விளங்காது. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டின் எதிர் இத்தனையாவது ஆண்டு, இன்ன மாதம், இன்ன பக்கம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் என்றே அவை காலம் கூறும். பதின்மூன்றாவதின் எதிர் ஐந்தாவது என்றிருந்தால் பதினெட்டாவது ஆண்டு என்று கொள்ளலாம். ஆனால் அது எந்த மன்னனின் பதினெட்டாவது ஆண்டு? சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகர பாண்டியன் என்ற பெயர்கள் அக்குலத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களும் மாறி மாறி வருகின்றன. ஒரே காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் முடி சூடியிருந்ததும் உண்டு. இரண்டு கொடைகளுக்கு இடையே சென்ற காலம் ஐந்து ஆண்டா, ஐம்பது ஆண்டா, நூற்றைம்பது ஆண்டா என்று கல்லைப் பார்த்த அளவில் சொல்லிவிட இயலாது.

கல்வெட்டுக்கு மட்டுமா இந்நிலை? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று தொழில் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்களின் பழைய கடிதங்களிலும் முறிகளிலும் ஆண்டின் பெயரும் மாதமும் தேதியும் மட்டுமே எழுதப்பட்டிருந்தால் இதே குழப்பம் நேரும். பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுப் பெயர்கள் அறுபது. அறுபது முடிந்ததும் மீண்டும் பிரபவ. வட்டிக்குக் கொடுத்த நாளையும் திரும்பப் பெற்ற நாளையும் கண்ணெதிரே வைத்துக் கணக்கிடுவோருக்கு அதனால் தீங்கில்லை. நூறாண்டு கழித்து அத்தாளைக் கையில் எடுக்கும் பேரனுக்கு அது புதிராகிவிடும்.

இத்தகைய புதிர்களை அவிழ்க்கும் திறவுகோலைத் தமிழ்நாட்டில் அமர்ந்து, இந்தியா முழுமைக்கும் செய்து தந்தவர் திவான் பகதூர் இலூயிஸ் டொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் பிறந்தவர். கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். பட்டங்களையும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தையும் பெற்றவர். பன்மொழி அறிந்தவர். சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். வானநூல் அவருக்குத் தொழிலன்று. பகலெல்லாம் அரசுக் கோப்புகளில் உழன்ற ஒருவர் தம் சொந்த நேரத்தில் வளர்த்த கல்வி அது. பஞ்சாங்கம் அவர் சமயத்தாருக்கு உரியதுமன்று. அமாவாசையும் ஏகாதசியும் தம் வீட்டில் வழங்காத ஒருவரே அவற்றின் கணக்கைப் பிறரினும் நுட்பமாக ஆராய்ந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அவர் வாழ்நாளையே ஒரு கணக்காகப் பார்க்கலாம். மறைந்த நாள் 1925 செப்டம்பர் 10. இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு? 1865 பிப்ரவரி 11 முதல் 1925 பிப்ரவரி 11 வரை அறுபது ஆண்டு. அறுபதை 365ஆல் பெருக்க 21,900. இடையே வந்த மிகுநாள் ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்க்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டுப் பதினைந்து என்பார் உண்டு. 1900ஆம் ஆண்டு நான்கால் வகுபடுமாயினும் 400ஆல் வகுபடாமையால் அதில் பிப்ரவரிக்கு 28 நாளே. ஆகவே பதினான்குதான். 21,914 ஆயிற்று. எஞ்சிய பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 10 வரை 211 நாள். மொத்தம் 22,125 நாட்கள். சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. 22,125ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. அவர் பிறந்தது சனிக்கிழமை. சனியிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் வியாழன். 1925 செப்டம்பர் 10 வியாழக்கிழமைதான். கிழமை என்பது இவ்வாறு கணக்கைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி. பழங்காலத்தார் கல்வெட்டில் கிழமையைத் தவறாமல் பொறித்ததன் பயனை இதிலிருந்து உணரலாம்.

இதையே ஆண்டுப் பெயர் கொண்டு பார்த்தால் என்னாகும்? அவர் பிறந்தது இரத்தாட்சி ஆண்டில். மறைந்தது குரோதன ஆண்டில். அறுபதின் வரிசையில் இரத்தாட்சி 58ஆவது, குரோதன 59ஆவது. பெயரை மட்டும் நம்பினால் அவர் ஓராண்டுக் குழந்தையாக மறைந்தார் என்று ஆகிவிடும்!

தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்தியவர்கள் அறிந்த இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. ஐந்தாம் தேதி முதல் பன்னிரண்டாம் தேதி வரை எத்தனை நாள் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஏழு என்பர், பாதிப் பிள்ளைகள் எட்டு என்பர். இரண்டும் சரியே. இடைவெளியை எண்ணினால் ஏழு, இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் எட்டு. இச்சிறு வேறுபாட்டைத் தெளிவாக்காமல் விட்டதனால் பெரிய வரலாற்று நூல்களிலும் ஓராண்டுப் பிசகு நுழைந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

சுவாமிக்கண்ணுப் பிள்ளைக்கு முன்பு இத்துறையில் உழைத்தோர் இலர் என்று சொல்வதற்கில்லை. 1825இல் ஜான் வாரன் என்பவர் காலசங்கலிதம் என்னும் பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். தென்னாட்டார் காலத்தைப் பகுக்கும் முறைகளைத் தொகுத்துரைக்கும் நூல் அது. புதுவையில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவில் வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் நேரில் கண்டு எழுதினார். 1896இல் இராபர்ட் சூவெல் என்பாரும் சங்கர பாலகிருஷ்ண தீட்சித் என்பாரும் சேர்ந்து இந்திய நாட்காட்டி பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டனர். ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் சோழ, பாண்டிய மன்னர்களின் கல்வெட்டு நாட்களைக் கணித்து வந்தார். மற்றொரு ஜெர்மானியரான எர்மன் யாகோபியை நம் இல்லங்களில் அறியாதார் குறைவு. ஆசாராங்கம், கல்ப சூத்திரம் முதலிய ஆகமங்களை 1884இலும் 1895இலும் ஆங்கிலத்தில் பெயர்த்து, சமணம் பௌத்தத்தின் கிளையன்று, தனித்த தொன்மையுடையது என்று மேனாட்டார்க்கு நிறுவிக் காட்டிய அதே பெருமகனார்தாம். அவரே கல்வெட்டு நாட்களைக் கணிப்பதற்கு அட்டவணைகளையும் இயற்றினார் என்பது பலர் அறியாத செய்தி.

எனினும் இவை யாவும் புலமையோர்க்கு உரியவையாகவே இருந்தன. 1911இல் சுவாமிக்கண்ணுப் பிள்ளை தம் இந்தியக் காலக் கணிதம் என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டபொழுது நிலைமை மாறிற்று. கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரை எந்த ஆண்டாயினும், அதிலுள்ள திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கூட்டலும் கழித்தலும் மட்டும் அறிந்தவர் கண்டுகொள்ளும்படி அட்டவணைகளை அதில் அமைத்தார். வானநூல் முழுவதையும் கற்றபின் வா என்று சொல்லாமல், பள்ளிக் கணக்கோடு வா என்று அழைத்த நூல் அது எனலாம்.

அவர் செய்த ஒரு மாற்றம் ஆசிரியையாகிய எனக்கு மிகவும் உவப்பானது. நம் மரபில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை ஒன்று 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. நாள் பிறப்பது சூரிய உதயத்தில். ஆங்கில முறையிலோ நாள் நள்ளிரவில் பிறக்கிறது. ஆதலால் செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தை பஞ்சாங்கப்படி திங்கட்கிழமைக் குழந்தை. இவ்விரு முறைகளுக்கு இடையே அறுபது அறுபதாகக் கடன் வாங்கிக் கழிப்பதில் பெரியோரும் தடுமாறுவர். சுவாமிக்கண்ணுப் பிள்ளை நாழிகையை விடுத்து நாளின் தசம பின்னத்தைக் கையாண்டார். திதி முடியும் நேரம் .35 என்றால் உதயத்துக்குப் பின் 21 நாழிகை, அதாவது 8 மணி 24 நிமிடம். மாதத்தின் மூன்றாம் நாள் .80இல் தொடங்கிய ஒன்று பத்தாம் நாள் .35இல் முடிந்தால், 10.35இலிருந்து 3.80ஐக் கழிக்க 6.55. ஆறு நாளும் 33 நாழிகையும். நான்காம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும் கணக்கு இது.

ஆனால் நாளும் நாளும் ஒரே அளவினதாயினும் திதியும் திதியும் அவ்வாறல்ல. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. சராசரியில் அது 23 மணி 37 நிமிடம். சந்திரனின் வேகம் கூடுவதும் குறைவதுமாக இருத்தலால் ஒரு திதி சில வேளை நாளினும் குறுகும், சில வேளை நீளும். நட்சத்திரத்தின் சராசரி 24 மணி 17 நிமிடம். தமிழ் மாதங்களும் 29 நாள் முதல் 32 நாள் வரை வேறுபடும். ஆகவே ஆடி 8இலிருந்து தை 8 வரை எத்தனை நாள் என்பதற்கு எல்லா ஆண்டுக்கும் பொதுவான ஒரு விடை இல்லை. ஆங்கிலத் தேதிக்கும் இவ்விடர் உண்டு. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி என்று ஆணையிடப்பட்டது. அவ்வாண்டின் குறுக்கே கணக்கிடுவோர் பதினொரு நாளை இழக்க நேரும்.

இவை அனைத்துக்கும் மாற்று ஒன்றே. மாதத்தையும் ஆண்டையும் ஒதுக்கிவிட்டு, ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களை இடையறாது எண்ணிக்கொண்டு வருவது. இரு தேதிகளையும் அந்த எண்ணாக மாற்றிவிட்டால், பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் வேலை. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் ஸ்காலிஜர் என்பார் கி.மு. 4713ஐத் தொடக்கமாகக் கொண்டு இதற்கு வழி வகுத்தார். நம் நாட்டுக் கணிதர் கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினர். இது ஏட்டில் மட்டும் இருந்த முறையன்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் சாலையும் கோயிலும் நிறுவி அளித்த செப்பேட்டில், கலி பிறந்து 14,49,087 நாட்கள் சென்றன என்று நாளையே எண்ணிப் பொறித்துள்ளான். வாக்கிய முறைப்படி ஆண்டு என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அதனால் வகுத்தால் 3967 ஆண்டும் ஏறத்தாழ 106 நாளும் வரும். 3967இலிருந்து 3101ஐக் கழிக்க கி.பி. 866. சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் 94 நாளாகக் கழிந்து ஆடி மாதத்தின் முற்பாதி. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கு முன் செதுக்கிய ஓர் எண் நம்மை ஒரு மாதத்தின் பாதிக்குக் கொண்டு வந்து நிறுத்துகிறது. நகரத்தார் மரபு வரலாறு அவர்கள் பாண்டிய நாட்டு இளையாற்றங்குடிக்கு வந்தது கலி 3808இல் என்கிறது. 3101ஐக் கழித்து அதனைக் கி.பி. 707 என்று சொல்லி வருகின்றனர்.

நம் முன்னோர் இவ்வகையில் யாருக்கும் இளைத்தவர் அல்லர். அய்கொளெ ஊரில் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் சினாலயம் ஒன்றை எடுப்பித்து அதில் ஒரு கல்வெட்டும் பொறித்தார். பாரதப் போருக்குப் பின் சென்ற ஆண்டு 3735, சக ஆண்டு 556 என்று இரு கணக்கும் அதில் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள், 3179 வரும். சக ஆண்டோடு 3179ஐக் கூட்டினால் கலியாண்டு என்று இன்றும் பஞ்சாங்கங்கள் கூறுவது இதே எண்தான். சக ஆண்டோடு 78ஐக் கூட்ட கி.பி. 634.

வர்த்தமான மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாளுக்கும் சக ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையே 605 ஆண்டும் 5 மாதமும் சென்றன என்பது நம் நூல்மரபு. அந்த ஐந்து மாதத்தை விரல்விட்டே எண்ணலாம். தீபாவளியாகிய ஐப்பசி அமாவாசையிலிருந்து கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி அமாவாசைகள் ஐந்து. அடுத்த நாள் சக ஆண்டு பிறக்கும். 605இலிருந்து 78ஐக் கழித்து கி.மு. 527 என்று வழங்கி வருகிறோம். நடப்பு ஆண்டை எண்ணுவதா, முடிந்த ஆண்டை எண்ணுவதா என்பதைப் பொறுத்து இதில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும். வழக்கில் நிலைத்தது 527. 1974 நவம்பரில் தொடங்கி ஓராண்டு நாடெங்கும் 2500ஆவது நிர்வாண விழா கொண்டாடப்பட்டதை என் வயதினர் நினைவில் வைத்திருப்பர். 527ஐயும் 1974ஐயும் கூட்டினால் 2501 அல்லவா வருகிறது? கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் சுழி ஆண்டு கிடையாது. ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். 2500 சரியே.

தமிழ்நாட்டுச் சமண வரலாற்றுக்கு இக்கணக்கு எத்துணைத் துணை செய்தது என்பதற்கு உலோகவிபாகம் சான்று. சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய அந்நூல், சிம்மசூரி செய்த வடமொழி வடிவில் நமக்குக் கிடைத்துள்ளது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆண்டில், சக ஆண்டு 380இல், பாடலிகை என்னும் ஊரில் அது எழுதி முடிக்கப்பட்டதாகக் கூறுகிறது. அவ்வூர் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். ஆண்டு எண்ணோடு நில்லாமல் சனி, வியாழன், சந்திரன் ஆகியவை அன்று நின்ற இடங்களையும் அது குறிக்கிறது. அவற்றைக் கொண்டு கி.பி. 458 ஆகஸ்டு 25 என்று அறிஞர் நாளையே வரையறுத்தனர். பல்லவர் காலவரிசைக்கே அது ஊன்றுகோல் ஆயிற்று. 458இலிருந்து 22ஐக் கழித்து, சிம்மவர்மன் 436இல் பட்டமெய்தினான் என்று நூல்கள் எழுதுகின்றன. நடப்பு 22ஆம் ஆண்டு என்றால் முடிந்தவை 21தான், அப்படியாயின் 437. முன்னே சொன்ன ஏழா, எட்டா என்ற வழக்கே இது.

சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ முப்பது ஆண்டு, வியாழன் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு. இரண்டும் ஒருசேரப் பழைய இடங்களை அடைய அறுபது ஆண்டு ஆகும். திதியும் கிழமையும் நட்சத்திரமுமோ விரைந்து சுழல்வன. கடிகாரத்தில் நிமிட முள் மட்டும் இருந்தால் மணி தெரியாது. உலோகவிபாகம் மணி முள்ளையும் சேர்த்தே காட்டிச் சென்றது.

இங்கேதான் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் புகழ்பெற்ற முடிவு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைமாதெய்வம் ஒரு பழைய உரையை எடுத்துச் சொல்கிறது. ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை கூடிய நாளில் மதுரை தீயுண்ணும் என்பது அது. உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரும் சில நாட்கணக்குகளைத் தருகிறார். இக்குறிப்புகளை ஆராய்ந்து, கி.பி. 756ஆம் ஆண்டே இவற்றுக்குப் பொருந்தும் என்று பிள்ளையவர்கள் முடிவு கூறினார். பரிபாடலின் 11ஆம் பாடலில் உள்ள கோள்நிலைகளைக் கொண்டு அதற்குக் கி.பி. 634 என்று வரையறுத்தார். தமிழுலகில் பெருஞ்சலசலப்பு எழுந்தது. காப்பியத்தில் வரும் இலங்கை மன்னன் கயவாகு இரண்டாம் நூற்றாண்டில் ஆண்டவன் என்று கொண்டு சேரன் செங்குட்டுவன் காலத்தைக் கணித்திருந்தோர்க்கு, அறுநூறு ஆண்டு ஒரேயடியாகப் பறிபோவது போல் தோன்றிற்று.

நமக்கு இது வெறும் புலவர் வழக்கன்று. இளங்கோவடிகளை நம் மரபு அருகநெறித் துறவி என்று போற்றுகிறது. கவுந்தியடிகளின் வாயிலாக அருகன் புகழ் ஒலிக்கும் அக்காப்பியம் இரண்டாம் நூற்றாண்டினது என்றால் தமிழில் நம் சமயத்தின் வேர் ஓர் ஆழம். எட்டாம் நூற்றாண்டினது என்றால் வேறோர் ஆழம். அதனால்தான் 756 என்னும் எண்ணைக் கண்டு பலர் சினந்தனர். சினத்தால் கணக்கு மாறாது. அக்கணக்கில் எங்கே நெகிழ்வு உள்ளது என்று பார்ப்பதே முறை. ஆடியில் தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளி ஆகிய மூன்றும் கூடுவது ஒரு நூற்றாண்டில் சில முறையேனும் வரக்கூடியது. சனியும் வியாழனும் அங்கே சொல்லப்படவில்லை. மணி முள் இல்லாத கடிகாரம். மேலும் அந்நாள் தெய்வத்தின் வாயில் வைத்துக் கவிஞர் அமைத்த நாள். நகரம் எரிந்த உண்மை நாளா, கதைக்குப் பொருந்தத் தேர்ந்த நாளா என்பதை எந்த அட்டவணையும் கூறாது. வெள்ளிக்கிழமை என்று வருவதே நூலின் பிற்காலத்தைக் காட்டும் என்று வேறு சிலர் வாதிட்டனர். அது தனி வழக்கு. பிள்ளையவர்களின் கழித்தலில் பிழை இல்லை. கழிப்பதற்கு எடுத்துக்கொண்ட முனை உறுதியானதன்று என்பதே என் கருத்து. 756ஐப் பின்வந்த அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

அதே முறை பாண்டியர் கல்வெட்டுகளில் கைகூடியதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு மன்னனுக்குப் பல கல்வெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆட்சியாண்டும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் உள்ளன. ஒன்று நூறு இடத்தில் பொருந்தலாம். பத்தும் ஒருசேரப் பொருந்தும் இடம் ஒன்றே இருக்கும். 1913இல் அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர்க்குப் புதிய நாட்களைக் கண்டு இந்தியத் தொல்பொருள் இதழில் வெளியிட்டார். முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251இலும், முதலாம் மாறவர்மன் குலசேகரன் 1268இலும் முடி சூடினர் என்று இன்று நாம் தயக்கமின்றி எழுதுவது கீல்ஹார்ன், யாகோபி, சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஆகியோர் இவ்வாறு எண்ணி எண்ணிக் கண்டதன் பயனாகும்.

1915இல் 1800 முதல் 2000 வரைக்குமான நாட்கணிதத்தையும், 1922இல் 700 முதல் 1799 வரைக்குமான பெருந்தொகுதிகளையும் வெளியிட்டார். பின்னது மட்டும் 1100 ஆண்டு. ஏறத்தாழ நான்கு இலட்சம் நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம், அவை முடியும் நேரம், பிற ஆண்டுமுறைகளோடு ஒப்பீடு. கணிப்பொறி இல்லாத காலம் அது. அச்சகத்தில் ஓர் எண் இடம் மாறினாலும் ஒரு மன்னனின் காலம் மாறிவிடும்.

இப்பெருநூல் அச்சேறியபொழுது அவர் சென்னைச் சட்டமன்றத்தின் செயலாளர். 1924இல் பி. இராஜகோபாலாச்சாரியாருக்குப் பின் அம்மன்றத்தின் தலைவரானார். (இவர் மூதறிஞர் இராஜாஜி அல்லர்; அவருக்கு மூத்தவரான வேறொருவர்.) நீதிக்கட்சி ஆட்சி செய்த கொந்தளிப்பான நாட்களில் மன்றத்தை நடத்தும் பொறுப்பு அவருடையது. அப்பதவியில் இருந்தபொழுதே 1925 செப்டம்பர் 10ஆம் நாள் காலமானார்.

அவருக்குப் பின்னும் பணி தொடர்ந்தது. கும்பகோணத்து ந. சேதுராமன், தொழில் நடத்தியவாறே கணக்கில் தோய்ந்து, பாண்டியர் காலவரிசையைக் கணிதத்தால் மீட்டமைக்கும் நூலை 1978இல் வெளியிட்டார். இன்று தேதியைத் தட்டினால் திதியைத் தரும் கருவிகள் கைப்பேசியிலேயே உள்ளன. ஆயினும் கல்வெட்டாய்வோர் தம் முடிவை அச்சிடும் முன் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் தொகுதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது உண்டு.

காரைக்குடியை அடுத்த குன்றக்குடி மலையில் துறவியர் உறைந்த குகையும் தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. அவற்றில் நாளும் இல்லை, கோளும் இல்லை. எழுத்தின் வடிவம் ஒன்றே காலத்துக்குச் சான்று. அங்கு எந்த அட்டவணையும் உதவாது. நாள் குறித்த கல்வெட்டு இருக்கும் இடங்களிலோ, அதைச் சுண்ணாம்பாலும் வண்ணப் பூச்சாலும் ஓடுகளாலும் நாமே மறைத்து விடுகிறோம். உங்கள் ஊர் சினாலயத்தில் திருப்பணி தொடங்கும் முன், சுவரில் உள்ளதை ஓர் எழுத்தும் விடாமல் படியெடுக்கச் செய்யுங்கள். படியெடுப்போர் சிலர் கொடைச் செய்தியை மட்டும் எழுதிக்கொண்டு, திதியையும் கிழமையையும் சடங்குச் சொற்கள் என்று விட்டுவிடுகின்றனர். கணக்கிடுவோர்க்கு வேண்டியது அந்த வரிதான். புதிதாகக் கல் நாட்டுவோரும் தமிழாண்டின் பெயரோடு நின்றுவிடாமல், வீர நிர்வாண ஆண்டு, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் ஆகிய ஐந்தையும் பொறித்து வைக்கலாம். கூடுதலாக இரண்டு வரி ஆகும். கல்தச்சர் கூலியில் பெரிய வேறுபாடு வந்துவிடாது.